பெயர் எழுதாத ஒயர்

அக்டோபர் 19

நான் ஒயரை அரிவாள்மணையால் அறுக்கவில்லை. அறுத்ததாகத் தெருவில் சொல்கிறார்கள், கோயிலில் சொல்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் என் மகள் செலின் நேற்று போனில் அதையே என்னிடம் கேட்டாள். என் வீட்டு அரிவாள்மணை பரணில் ஏறிப் பல வருடங்கள் ஆகின்றன. ஒயரின் முனையில் சிறிய பிளாஸ்டிக் நாக்கு ஒன்று உண்டு. அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு இழுத்தால் ஒயர் தானாகக் கழன்று வரும். அப்படித்தான் கழற்றினேன். ஒயருக்கு ஒரு கீறல்கூட இல்லை. சேதம் என் வாசல் கதவுக்கு. அதைச் செய்தவர்கள் வேறு.

அறுத்துவிட்டு மாடியில் ஒளிந்துகொண்டேன் என்பதும் பொய். கோயிலில் நற்கருணை ஆராதனையில், முன்வரிசையில், முந்நூறு பேர் பார்க்க உட்கார்ந்திருந்தேன்.

இதையெல்லாம் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். ஆனால் 'அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது' என்பதற்கு இதையே சாட்சியாக வைத்து, டொரண்டோவில் இருக்கும் என் மகன் ஜெரோம் என்னைக் கோயம்புத்தூரில் ஒரு முதியோர் குடியிருப்புக்கு அனுப்ப ஏற்பாடு செய்வதாக அறிகிறேன். என் வீட்டில் நான் இருப்பதா இல்லையா என்பது ஓர் அரிவாள்மணைக் கதையால் முடிவாகக் கூடாது. ஆகவே கடந்த மாதத்திலிருந்து நான் எழுதிய நாட்குறிப்பில் இதற்குச் சம்பந்தப்பட்ட பக்கங்களைப் படியெடுத்து இருவருக்கும் அனுப்புகிறேன். ஒரு வரியும் மாற்றவில்லை. துறைமுக அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்தவள் நான். சொன்னதைச் சொன்னபடி எழுதுவேன்.

— பெர்பெத்துவா சவரிராயன், தூத்துக்குடி

செப்டம்பர் 16

இன்றும் செபமாலை கெட்டது.

மாலை ஏழு மணிக்கு நடு அறையில், இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து உட்காருகிறேன். ஜெரோமுக்கு அங்கே காலை. செலினுக்கு அலுவலகம் விட்டு வந்த நேரம். அருள் நிறைந்த மந்திரத்தின் முதல் பாதியை நான் சொல்ல, பின்பாதியை அவர்கள் சொல்ல வேண்டும். நான் மாலையில் மூன்றாவது மணியை உருட்டிய பிறகு முதல் மணிக்குப் பதில் வருகிறது. ஜெரோமின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிடுகிறது, மீன்கடையில் பார்ப்பது போல.

இன்டர்நெட் பெட்டி முன்னறையில் இருக்கிறது. இடையில் இரண்டு சுவர்கள். கடல் கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து என் மாமனாரின் தகப்பனார் கட்டிய சுவர்கள். புயலை உள்ளே விடாதவை வைஃபையை விடுமா? முன்னறையிலேயே உட்கார்ந்து செபம் சொல்லலாமே என்கிறான் ஜெரோம். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் செபமாலை சொல்லும் வழக்கம் இந்தக் குடும்பத்தில் இல்லை.

என் கணவர் இருந்தவரை இந்தப் பெட்டிகளே தேவைப்படவில்லை. நான் சொல்வேன், அவர் பதில் சொல்வார். போன ஜனவரியிலிருந்து பாதிச் செபம் பாதியிலேயே நிற்கிறது.

செப்டம்பர் 18

வீடு முழுவதும் ஒயர் இழுத்துவிடலாம் என்று ஜெரோம் முடிவு செய்திருக்கிறான். அக்டோபர் செபமாலை மாதம், அதற்குள் வேலை முடிய வேண்டும் என்றேன். இசக்கிமுத்து என்பவரை அனுப்பினான். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய அட்டையில் எலக்ட்ரிக்கல், பிளம்பிங், இன்டர்நெட், சிசிடிவி, கல்யாண லைட்டிங் என்று எல்லாம் அச்சாகியிருந்தது. எதையும் உருப்படியாகச் செய்யாதவர்தான் எல்லாவற்றையும் அச்சடிப்பார்.

செப்டம்பர் 21

சுவரில் துளை போட்டார்கள். வீடெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

"அம்மா, இது வீடா கோட்டையா? ரெண்டு டிரில் பிட்டு முறிஞ்சிட்டு" என்றார் இசக்கிமுத்து. முறிந்தது பிட்டின் குற்றம், சுவரின் குற்றம் அல்ல என்றேன்.

ஒயரை மூடும் வெள்ளைப் பட்டையைச் சுவரில் சாய்வாக அடித்திருந்தார். கழற்றச் சொன்னேன். "பட்டை கோணலாப் போனாலும் நெட்டு நேராத்தாம்மா வரும்" என்றார். நெட் வருவது கம்ப்யூட்டருக்கு, பட்டையைப் பார்க்க வேண்டியது நான். கழற்றி, நூல் பிடித்து, மறுபடி அடித்தார். எதையோ முணுமுணுத்தார். என் காது நன்றாகவே கேட்கும் என்று தெரிவித்தேன்.

முன்னறையில் ஒரு தட்டையான பெட்டி வைத்திருக்கிறார். எட்டுத் துளைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பச்சை விளக்கு. இன்டர்நெட் பெட்டியிலிருந்து ஒரு ஒயர் இதற்குள் வரும், இதிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஒயர் போகும். பெயர் சுவிட்ச். போடவோ அணைக்கவோ அதில் எதுவும் இல்லை. சாதாரணப் பெட்டியே போதுமே, இது ஏன் இவ்வளவு பெரியது என்று கேட்டேன். இதில் ஒயர் வழியாகவே கரண்டும் போகுமாம், ஜெரோம் சார் இதைத்தான் வாங்கச் சொன்னாராம். கம்ப்யூட்டருக்குத்தான் தனியாக பிளக் இருக்கிறதே என்றேன். அதற்குள் அவருக்கு யாரிடமிருந்தோ போன் வந்துவிட்டது.

செப்டம்பர் 24

வேலை முடிந்தது. ஒயர்கள் எல்லாம் ஒரே நீலம். எது எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்? கான்வென்ட் போர்டிங்கில் எங்கள் துணிகளில் வெள்ளை நாடாவில் பெயர் தைத்திருப்போம். அதே போல் நாடா வெட்டி, 'நடு அறை', 'மாடி', 'ஆபீஸ் அறை' என்று எழுதி, ஒவ்வொரு ஒயரிலும் சுற்றித் தைத்தேன். இசக்கிமுத்து சிரித்தார். அடுத்த முறை பழுது பார்க்க வரும்போது சிரிக்கமாட்டார்.

இன்னொரு ஒயர் சமையலறைப் பக்கம் போகிறது. அது எதற்கு என்றேன். "ஸ்பேரும்மா. பின்னால ஒதவும்" என்றார். உபயோகம் இல்லாததற்கு நான் பெயர் தைப்பதில்லை.

சமையலறைச் சுவரில், மேலே, வெள்ளையாக முட்டை போன்ற ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். புகை வந்தால் கத்துமாம். ஜெரோம் சொல்லிச் செய்ததாம். அவன் அப்பாவைப் போல முன்யோசனை உள்ளவன். மனதுக்குத் திருப்தி.

அக்டோபர் 1

முதல் மந்திரத்தை நான் முடித்த கணத்தில் இரண்டு பேரின் பதிலும் வந்தது. ஒரு இடைவெளி இல்லை, ஒரு இழுவை இல்லை. வீட்டில் ஆள் இருப்பது போல் இருந்தது.

செலின் அவசரப்படுகிறாள். சொல்லித் திருத்தினேன்.

அக்டோபர் 5

வற்றல் மிளகாய் கருகிப் பக்கத்து வீட்டு டெய்சி வரை இருமினாள். புகை மணி கத்தவில்லை. இசக்கிமுத்துவிடம் கேட்க வேண்டும்.

அக்டோபர் 8

சமையலறை மேல்தட்டிலிருந்து மாவு டப்பாவை எடுத்தேன். பிறகு தரை குளிர்ச்சியாக இருந்ததால் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். வேலைக்கு வந்த செல்லக்கனி கைகொடுத்தாள். தேவைப்படவில்லை, மறுப்பது மரியாதையல்ல என்று பிடித்துக்கொண்டேன். மாவு வீண். முட்டியில் தைலம் தேய்த்துவிடுவதில் செல்லக்கனிக்கு ஓர் ஆசை. தேய்த்துவிட்டுப் போனாள்.

மாலையில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது இசக்கிமுத்து மோட்டார் சைக்கிளில் வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "பெட்டியில லைட்டு எரியுதாம்மா?" என்றார். எரிகிறது என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வேலை இல்லாத மனிதர்.

இதையெல்லாம் விட எரிச்சலான காரியம்: ஒயர் ஏமாற்றிவிட்டது. இன்று செபமாலையில் தியானிப்பது ஐந்து துக்கத் தேவ இரகசியங்கள். நான்காவதில், ஆண்டவர் சிலுவை சுமந்து போகும் இடத்தில், ஜெரோமின் படம் கறுப்பானது. பதிலும் வரவில்லை. செலின் மட்டும் தனியாகச் சொன்னாள். நான் ஜெரோம், ஜெரோம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். ஐந்தாவதில் பாதியில்தான் அவன் குரல் வந்தது, அதுவும் கரகரப்பாக. லைன் சரியில்லை என்றான். இத்தனை சுவரைத் துளைத்து, நாள்கணக்கில் தூள் தின்று, கண்ட பலன் இதுதானா?

அக்டோபர் 9

இசக்கிமுத்துவை வரவழைத்தேன். ஒயரின் இரண்டு முனையிலும் ஒரு கருவியை மாட்டினார். கருவியின் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்தன.

"லைன்ல ஒரு கொறையும் இல்லம்மா. கொறை அந்தப் பக்கம்."

"கனடாவிலயா?"

"நான் எந்த ஊரயும் சொல்லல."

குற்றத்தை அடுத்த கண்டத்தின் மேல் போடுகிறவரிடம் என்ன பேசுவது? முனையை வெட்டிவிட்டுப் புதிய முனை போடச் சொன்னேன். நல்ல முனையை வெட்டுவது பாவம் என்றார். பாவ புண்ணியம் எனக்குத் தெரியும், வெட்டுங்கள் என்றேன். வெட்டிப் போட்டார்.

புகை மணி ஏன் கத்தவில்லை என்று கேட்டதற்கு, சுவரைப் பார்த்துக்கொண்டு, "மிளகாப் பொகைக்கெல்லாம் கத்தாதும்மா" என்றார்.

அக்டோபர் 12

செபமாலை முடிந்ததும் ஜெரோம், மாவு டப்பாவை இனிக் கீழ்த்தட்டில் வைத்துக்கொள்ளுங்கள் மம்மி என்றான்.

மாவு டப்பாவைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 13

ஜெரோமிடம் சொன்னது நீயா என்று செல்லக்கனியைக் கேட்டேன். "எனக்கு அவுக நம்பரே தெரியாதும்மா. ஒங்க மேல சத்தியமா" என்றாள். என் மேல் சத்தியம் செய்ய அவளுக்கு என்ன உரிமை என்றேன். "சரி, பனிமய மாதா மேல சத்தியம்" என்றாள். அவள் வேறு மதத்தவள். இருந்தும் அந்தச் சத்தியத்தை அவள் லேசாகச் செய்பவள் அல்ல. அரை நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். சாயங்காலம் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அக்டோபர் 14

கோயம்புத்தூரில் நல்ல இடமாம். தோட்டம் உண்டாம், சிற்றாலயம் உண்டாம், இருபத்து நான்கு மணி நேரமும் நர்ஸ் உண்டாம். "சும்மா பாத்துட்டு மட்டும் வாங்க மம்மி" என்கிறான் ஜெரோம். பார்த்துவிட்டு வருவதற்கு அது என்ன பொருட்காட்சியா? இந்த வீட்டுக்கு நான் பத்தொன்பது வயதில் வந்தேன். இதன் ஒவ்வொரு படியும் எனக்கு இருட்டிலும் தெரியும். வேண்டாம் என்றேன். இன்னும் ஒரு சம்பவம் நடந்தால் உங்களைக் கேட்க மாட்டேன் என்றான்.

இன்னும் ஒரு சம்பவமா? முதல் சம்பவம் எது என்று கேட்டேன். பதில் இல்லை. ஒயர் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 17, வியாழன்

மத்தியானம் செல்லக்கனி சமையலறையில் ஒட்டடை அடித்தாள். கம்பு புகை மணியில் பட்டது.

"அம்மா, இங்க வாங்க. இது திரும்பிப் பாக்குது."

போய்ப் பார்த்தேன். முட்டை கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தது. நடுவில் ஒரு கறுப்புக் கண். செல்லக்கனி முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே ஓடிவிட்டாள். அவள் இத்தனை நாளும் அங்கேதான் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தாள். நான் அங்கேதான் காலையில் முடியை அள்ளி முடிவேன், தனியாகப் பேசுவேன், என் கணவர் படத்துக்குக் காப்பி வைத்துவிட்டுப் பிறகு நானே குடிப்பேன்.

பெயர் எழுதாத ஒயரைப் பட்டை வழியாகப் பின்தொடர்ந்து முன்னறைக்கு வந்தேன். சுவிட்சில் அதன் பச்சை விளக்கு மற்றவற்றை விட வேகமாகத் துடித்துக்கொண்டிருந்தது. ஸ்பேர் ஒயருக்கு இவ்வளவு வேலை. நாக்கை அழுத்தி இழுத்தேன். விளக்கு அணைந்தது. முகம் கழுவி, வெள்ளைப் புடவை கட்டி, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆராதனைக்குப் போனேன். கோயிலுக்குள் நான் போன் கொண்டுபோவதில்லை என்பது என் பிள்ளைகளுக்குத் தெரியும். அல்லது தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது தெரு என் வீட்டுக்குள் இருந்தது. கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்கியது. கடப்பாரையோடு இசக்கிமுத்து. நடு அறையில் டெய்சி அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அக்கா, உசுரோடதான் இருக்கியளா?" என்றாள்.

"நான் வெளிய நிக்கேன், நீ உள்ள நிக்க. கேக்க வேண்டியவ நான்" என்றேன்.

"சார்தாம்மா ஒடைக்கச் சொன்னாரு" என்றார் இசக்கிமுத்து. "கேமரா பட்டுன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். புகை மணி கேமரா ஆகிவிட்டது, எல்லோர் முன்னிலையிலும்.

கம்ப்யூட்டரில் ஜெரோமை யாரோ ஏற்கெனவே கூப்பிட்டு வைத்திருந்தார்கள். முகம் தெளிவாகத் தெரிந்தது, படுக்கையிலிருந்து எழுந்த கோலத்தில். யாரைக் கேட்டு என் சமையலறையில் கண் வைத்தாய் என்று கேட்டேன்.

"மம்மி, நீங்க கீழ கெடந்தத நான் பாத்தேன்."

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது.

"உக்காந்திருந்தேன்" என்றேன்.

"கெடந்தீங்க மம்மி. செல்லக்கனி வார வரைக்கும் எந்திரிக்க முடியாம கெடந்தீங்க. எனக்கு இங்க ராத்திரி. தூங்கிட்டேன். காலைல போன எடுத்துப் பாத்தா..."

நான் பட்டனை அழுத்திப் பேச்சை முடித்தேன். ஒயரைத் தொடவில்லை.

அக்டோபர் 18

தச்சர் வரவில்லை. கதவுக்கு நாற்காலியை அணைகொடுத்திருக்கிறேன்.

செலின் போன் செய்து அரிவாள்மணையைப் பற்றிக் கேட்டாள். அதற்கு மேல் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. செபமாலையைத் தனியாகச் சொன்னேன். பதில் பகுதியையும் நானே சொன்னேன். அது முறை அல்ல.

அக்டோபர் 20

படியெடுத்த பக்கங்கள் அதோடு முடிகின்றன. இது இன்று எழுதுவது. ஜெரோம், இது உனக்கு.

காலையில் பூசைக்குப் போய்விட்டு வந்தேன். இசக்கிமுத்து தாழ்ப்பாள் பொருத்த வந்திருந்தார். தச்சரை அழைத்து வராமல் தானே செய்தார். கல்யாண லைட்டிங்குக்குக் கீழே தச்சு வேலையையும் அச்சடித்துக்கொள்ளலாம் என்றேன். சிரிக்கவில்லை. பொய் சொன்னதற்காகத் திட்டினேன். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். சார் சொல்ல வேண்டாம் என்றார், நான் சொல்லவில்லை, அதுதான் தப்பு என்றார். பிறகு, நான் கேட்காமலே, எட்டாம் தேதி சாயங்காலம் ஏன் கேட்டுக்கு வந்தார் என்று சொன்னார்.

"சார் போன் போட்டாரும்மா. பேச முடியல அவருக்கு. எங்கம்மா நடக்குறாளான்னு மட்டும் பாத்துச் சொல்லுன்னாரு. நீங்க செடிக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருந்திய. நடக்காவ சார், என்னைய முறைக்கவும் செய்யுதாவன்னு சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே அழுவ."

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் குறையவில்லை. இசக்கிமுத்துவைக் கேட்கத் தெரிந்தவனுக்கு என்னைக் கேட்கத் தெரியவில்லை. உன் அப்பாவாக இருந்தால் போனில் கூப்பிட்டு, 'பெர்பெத்துவா, விழுந்தாயா?' என்று கேட்டிருப்பார். நீ என்னைக் கேட்காமல் சுவரில் ஒரு கண்ணை வைத்தாய். அது பார்த்ததையும் என்னிடம் சொல்லாமல் கோயம்புத்தூரில் இடம் தேடினாய். கேட்டால் நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க மாட்டேன் என்று நீ நினைத்திருப்பாய்.

ஆகவே ஒரு திருத்தம். முன்னே உள்ள பக்கங்களில் ஒரு வரியும் மாற்றவில்லை என்று எழுதினேன். மாற்றவில்லைதான். ஆனால் அக்டோபர் 8-ல் எழுதியது சரியல்ல. குளிர்ச்சிக்காக உட்காரவில்லை.

கோயம்புத்தூருக்கு நான் போக மாட்டேன். மாவு டப்பா கீழ்த்தட்டுக்கு வந்துவிட்டது. செல்லக்கனி நாளையிலிருந்து காலையில் முன்னதாகவே வருவாள். சமையலறை ஒயருக்கு நாடா வெட்டி, 'சமையலறை' என்று எழுதித் தைத்துவிட்டேன். அது சுவிட்சுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. எப்போது பார்க்கலாம், எப்போது பார்க்கக் கூடாது என்று நாம் இருவரும் பேசி முடித்த பிறகு, செல்லக்கனியும் சம்மதித்த பிறகு, என் கையால் நானே அதைச் செருகுவேன். அதற்கு முன்னால் யாரும் தொடக் கூடாது.

இன்று மாலை ஏழு மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்துவைப்பேன். முதல் பாதியை நான் சொல்வேன். பின்பாதி உங்கள் பொறுப்பு.

கான்வென்டில் எங்கள் மதர் பெனடிக்டா, வாயால் சொல்ல வராததைத் தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அழுகையில் சொல்ல முடியாததைக்கூட நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நீ எனக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் பாக்கி வைத்திருக்கிறாய். எட்டாம் தேதி, நான்காம் தேவ இரகசியத்தில், நான் இரண்டு முறை கூப்பிட்டும் நீ பதில் சொல்லாதது ஒயராலா? இசக்கிமுத்துவின் நல்ல முனை ஒன்றை நான் வீணாக வெட்டவைத்திருக்கிறேன், எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

போனில் வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்பவும்.